தாளங்களின் பயணம் – 9: ஜெர்மனிக்கு ரெகே வந்த வழி

1978-இல் மேற்கு ஜெர்மனியின் பாடல் தரவரிசையில் 17 வாரம் முதலிடத்தில் நின்ற பாட்டு ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோன்’. பாடியது போனி எம் குழு. கேசட் காலத்து ஆட்களுக்கு நம்மூரிலும் பழகிய பாட்டுதான். ஆனால் அது பிறந்த இடம் ஜமைக்கா.

ஜமைக்கா 1962 ஆகஸ்ட் 6-இல் விடுதலை பெற்றது. தலைநகர் கிங்ஸ்டனில் அப்போது சவுண்ட் சிஸ்டம்காரர்களின் ராஜ்ஜியம். நம்மூர்த் திருவிழா ரேடியோ செட்காரர்கள் மாதிரி தெருவில் பெட்டிகளை அடுக்கிப் பாட்டுப் போட்டவர்கள் அவர்கள். அமெரிக்க இசைத்தட்டுகளை ஓட்டியவர்கள், போட்டி முற்றியதும் சொந்தமாகவே பாட்டுத் தயாரிக்க இறங்கினார்கள். காக்ஸன் டாட், டியூக் ரீட் இருவரும் இப்படி வளர்ந்தவர்களே. முதலில் வேகமான ஸ்கா இசை வந்தது, 1966 வாக்கில் அது நிதானப்பட்டு ராக்ஸ்டெடி ஆனது, 1968-இல் ரெகே. பாஸ் கிட்டார் முன்னுக்கு வந்தது. பல பாட்டுகளில் முதல் தட்டைக் காலியாக விட்டு மூன்றாவதில் டிரம்மை இறக்கினார்கள்.

மறு ஆண்டே, 1969-இல், ஜமைக்காப் பாடகர் டெஸ்மண்ட் டெக்கரின் ‘இஸ்ரேலைட்ஸ்’ மேற்கு ஜெர்மனியிலும் முதலிடம் பிடித்தது. 1970-இல் ஜமைக்காவின் மெலோடியன்ஸ் குழு ‘ரிவர்ஸ் ஆஃப் பாபிலோனை’ப் பாடியது. பாபிலோனுக்குச் சிறைபிடித்துக் கொண்டுபோகப்பட்ட யூதர்களின் புலம்பலாக வேதாகமத்தில் வரும், இந்தப் பாட்டுக்கு மூலமான 137-ஆம் சங்கீதம், ஆப்பிரிக்காவிலிருந்து அடிமைகளாகப் பிடித்து வரப்பட்டவர்களின் வாரிசுகளுக்குச் சொந்தக் கதையாகவே பட்டது. எத்தியோப்பியப் பேரரசர் ஹெய்லி செலாசியைத் தெய்வமாகக் கொண்ட ராஸ்தஃபாரி சமயத்தாரின் துதியும் பாட்டில் கலந்திருந்தது.

போனி எம் குழுவை உருவாக்கிய ஜெர்மானியத் தயாரிப்பாளர் ஃபிராங்க் ஃபேரியன் இந்தத் துதியை எடுத்துவிட்டு வேதாகம வாசகத்தை வைத்தார். மேலே டிஸ்கோ மெருகு ஏற்றினார். குழுவின் லிஸ் மிட்செல், மார்சியா பாரெட் இருவருமே ஜமைக்காவில் பிறந்தவர்கள் என்பது இதில் விசேஷம். மெட்டு ஜெர்மனிக்குள் வந்தது, அதன் சமயம் வாசலிலேயே நின்றது.

அந்தச் சமயத்தைச் சுமந்தே வந்தவர் பாப் மார்லி. 1980 ஜூனில் டார்ட்முண்ட் வெஸ்ட்ஃபாலன் அரங்கில் பாடினார். சில மாதங்களில் புற்றுநோய் முற்றியது. பவேரியாவின் ரோட்டாக்-எகெர்னில் மருத்துவர் யோசெப் இசெல்ஸிடம் சிகிச்சைக்கு வந்து சேர்ந்தார். மருத்துவ உலகம் ஏற்காத சிகிச்சை அது. 1981 பிப்ரவரி 6-இல் 36 வயது நிறைந்ததும் அங்கேதான். ஜமைக்காவுக்குத் திரும்பும் வழியில், மே 11 அன்று மயாமியில் இறந்தார்.

1986-இல் ரைன் நதிக்கரை லோரலையில் சம்மர்ஜாம் ரெகே விழா தொடங்கியது. பத்தாண்டு கழித்துக் கொலோனுக்கு இடம் மாறியது. ஜென்டில்மேன் என்ற பெயரில் ஜமைக்கா பேச்சுமொழியிலேயே பாடும் டில்மன் ஓட்டோ கொலோனில் வளர்ந்தவர். 2004-இல் அவருடைய ‘கான்ஃபிடன்ஸ்’ ஜெர்மன் ஆல்பம் பட்டியலில் முதலிடம் பெற்றது. 2001-இல் பெர்லினின் சீட் குழு ‘டிக்கஸ் பே’ பாட்டில் தன் நகரத்தையே ஜெர்மன் மொழியில் பாடியது.

சமயத்தைக் கழித்துவிட்டு மெட்டை மட்டும் எடுத்துக்கொண்ட நாடு, அதே இசையில் தன் ஊரைத் தன் மொழியில் பாட 23 ஆண்டுகள் ஆயின. எந்த இசையும் புது மண்ணில் வேர் பிடித்தது என்று சொல்ல, விற்ற தட்டுகளை எண்ணினால் போதாது. அந்த மண்ணின் பேச்சு அதில் ஏறியதா என்று பார்க்க வேண்டும்.

(தொடரும்)