பல்கலைக்கழக நிர்வாகப் பணித்தரங்கள் (ஜொகூர், மலேசியா)

ஜொகூரின் அரசுப் பல்கலைக்கழகங்களில் ஆசிரியர் அல்லாத ஊழியர்களின் பணித்தரத்தை அந்தந்தப் பல்கலைக்கழகம் தானாக வகுப்பதில்லை. ஸ்கூடாயில் உள்ள மலேசியத் தொழில்நுட்பப் பல்கலைக்கழகமும் (யூ.டி.எம்.), பத்து பகாட் மாவட்டம் பாரிட் ராஜாவில் உள்ள துன் உசேன் ஓன் மலேசியப் பல்கலைக்கழகமும் (யூ.டி.எச்.எம்.) சட்டப்படி தனி நிறுவனங்கள்தான். ஆயினும் பதவிப்பெயர், தரம், சம்பளம் ஆகிய மூன்றிலும் கூட்டரசின் பொதுச் சேவைத் துறை வகுத்த முறையையே பின்பற்றுகின்றன. ஸ்கூடாயில் கோப்பு பார்க்கும் நிர்வாக உதவியாளரும் புத்ராஜெயா அமைச்சில் அதே பதவியில் இருப்பவரும் ஒரே படியில் நிற்பது இதனால்தான்.

தரம் ஓர் எழுத்தாலும் ஓர் எண்ணாலும் குறிக்கப்படுகிறது. எழுத்து துறையைச் சொல்லும். எண் உயரத்தைச் சொல்லும். ‘என்’ நிர்வாகம், ‘டபிள்யூ’ நிதி, ‘எஃப்’ தகவல் தொழில்நுட்பம், ‘ஜே’ பொறியியல், ‘சி’ அறிவியல், ‘எஸ்’ சமூகத் துறை. நூலகரும் இந்தக் கடைசி எழுத்தில்தான் வருகிறார். 2024 நவம்பர் இறுதிவரை நடப்பில் இருந்த எண்களின்படி 11 முதல் 40 வரை செயலாக்கக் குழு, 41 முதல் 54 வரை மேலாண்மை, தொழில்முறைக் குழு, அதற்கு மேல் உயர் நிர்வாகம். யூ.டி.எம். பொறியியலுக்குப் பேர்போன இடம் என்பதால் அலுவலகப் பணியாளர்களுக்கு இணையாக ஆய்வக உதவியாளர்களும் உதவிப் பொறியாளர்களும் அங்கே முக்கியமானவர்கள். ஓர் ஆராய்ச்சி மாணவரின் கருவி வேலை செய்வதும் செய்யாததும் பல நேரங்களில் இவர்கள் கையில் இருக்கிறது.

எந்தப் படியில் ஏறுவது என்பதைச் சான்றிதழ் தீர்மானிக்கிறது. அந்தப் பழைய எண்களின்படி, பள்ளி இறுதித் தேர்வான எஸ்.பி.எம். முடித்தவர் நிர்வாக உதவியாளராக என்-19இல் நுழைந்தார். பல்கலைக்கழகப் புகுமுகத் தேர்வான எஸ்.டி.பி.எம். அல்லது டிப்ளோமா பெற்றவருக்கு உதவி நிர்வாக அதிகாரியாக என்-29, பட்டதாரிக்கு நிர்வாக அதிகாரியாக என்-41. பட்டதாரி அங்கிருந்து 44, 48, 52, 54 என ஏற முடிந்தது. நிர்வாக ஊழியர் அனைவருக்கும் மேலே பதிவதிகாரி இருக்கிறார். தமிழ்ப்பள்ளியிலிருந்து வந்து இந்த வேலைகளை நாடும் பிள்ளைகள் இரண்டு செய்திகளை முன்கூட்டியே அறிந்திருப்பது நல்லது. நிர்வாக உதவியாளர் பதவிக்கு எஸ்.பி.எம். தேர்வில் மலாய் மொழிப் பாடத்தில் கிரெடிட் வேண்டும். அடுத்து, பல்கலைக்கழகங்கள் தாங்களே விளம்பரம் செய்து ஆள் எடுக்கின்றன. கூட்டரசுப் பணிகளுக்கு ஆள் எடுக்கும் பொதுச் சேவை ஆணையத்தில் மட்டும் விண்ணப்பித்துவிட்டுக் காத்திருந்தால் போதாது.

இந்த முறையின் பெரிய குறையும் சான்றிதழிலேயே இருக்கிறது. ஒருவர் நாள்தோறும் என்ன பொறுப்பைச் சுமக்கிறார் என்பதைவிட, எந்த வாசலால் உள்ளே வந்தார் என்பதே இங்கே அதிகம் கணக்கில் வருகிறது. ஒரு புலத்தின் தேர்வுப் பதிவு, பட்டமளிப்புப் பட்டியல், வெளிநாட்டு மாணவர் விசா என எல்லாவற்றையும் மனப்பாடமாக அறிந்த உதவியாளர், புதிதாக வந்த பட்டதாரிக்கு வேலை கற்றுக்கொடுத்துவிட்டு அவருக்குக் கீழேயே தொடர்வது அபூர்வம் அல்ல. பணியில் இருப்பவர் மேல் பணித்திட்டம் ஒன்றுக்கு நியமன வழியாக உயரவும் ஏற்பாடு உண்டு. ஆனால் காலியிடம் இருக்க வேண்டும். தேர்விலும் நேர்காணலிலும் தேற வேண்டும்.

பிரிட்டனில் வேறு வழி. அங்கே 2004இல் ஏற்பட்ட தேசிய உடன்பாடு, பல்கலைக்கழக ஊழியர் பெரும்பாலோரை 51 புள்ளிகள் கொண்ட ஒரே சம்பள ஏணியில் கொண்டுவந்தது. முடிவெடுக்கும் பொறுப்பு, தொடர்பாடல், தேவைப்படும் அறிவு போன்றவற்றை மதிப்பிட்டு ஒவ்வொரு பணிக்கும் தரம் கொடுக்கிறார்கள். உட்கார்ந்திருப்பவரை விட்டுவிட்டு நாற்காலியை எடைபோடும் இந்த முறை, மேலே சொன்ன உதவியாளருக்கு அதிக நியாயம் செய்யும்.

மலேசிய முறை பல முறை திருத்தி எழுதப்பட்டது. 1991 வரை ஏ, பி, சி, டி என நான்கு பிரிவுகள் இருந்தன. 1992 ஜனவரி 1இல் வந்த புதிய ஊதிய முறை சம்பளத்தைக் கட்டங்களாக அடுக்கியது: ஆண்டு மதிப்பீட்டைப் பொறுத்து ஊழியர் அதே இடத்தில் நிற்கலாம், பக்கவாட்டில் நகரலாம், மேலே ஏறலாம், குறுக்காகத் தாவலாம். மேலதிகாரியின் மதிப்பெண்ணே எல்லாவற்றையும் தீர்த்ததால் மனக்கசப்பு வளர்ந்தது. 2002 நவம்பரில் நடப்புக்கு வந்த மலேசிய ஊதிய முறை திறன்நிலை மதிப்பீட்டைப் புகுத்தியது. வேலை முடிந்து இரவில் சுற்றறிக்கைகளைப் படித்து அதற்குத் தயாரான தலைமுறை ஒன்று உண்டு. 2011இல் அந்த மதிப்பீடு கைவிடப்பட்டது. 2012 தொடக்கத்தில் வந்த இன்னொரு முறையில் சம்பள உயர்வு உச்சப் பதவிகளுக்கு ஏராளமாகவும் கீழ்ப்பதவிகளுக்குச் சொற்பமாகவும் கிடைத்ததாக எதிர்ப்பு எழுந்தது. மார்ச் மாதமே அரசு அதைத் திரும்பப் பெற்றது.

இப்போது நடப்பில் இருப்பது 2024 டிசம்பர் 1இல் தொடங்கிய பொதுச் சேவை ஊதிய முறை. செயலாக்கக் குழுவுக்கும் மேலாண்மை, தொழில்முறைக் குழுவுக்கும் 15 விழுக்காடு, உயர் நிர்வாகத்துக்கு 7 விழுக்காடு என உயர்வு அறிவிக்கப்பட்டது. முதல் கட்டம் 2024 டிசம்பரில், இரண்டாம் கட்டம் 2026 ஜனவரியில். கீழ்ப்படியில் உள்ளவருக்கு விகிதம் கூடுதலாக இருப்பது 2012க்கு நேர் எதிரான, வரவேற்கத்தக்க திசை. எண்களும் சுருங்கின: என்-19 இப்போது என்-1, என்-29 என்-5, என்-41 என்-9. எஸ்.பி.எம்., டிப்ளோமா, பட்டம் என்ற மூன்று வாசல்களும் இருந்த இடத்திலேயே இருக்கின்றன.