100 + 200 = 44? சாஃப்ட்வேர் அப்டேட் செய்ததும் கணக்கு மாறுவது ஏன்?

100-உடன் 200-ஐக் கூட்டினால் 300. சின்னப் பிள்ளைக்கும் தெரியும். ஆனால், நேற்று வரை 300 என்று சொன்ன புரோகிராம், அப்டேட் செய்தபிறகு 44 என்று சொன்னால்? இத்தனைக்கும் புரோகிராமில் ஒரு எழுத்துகூட மாறவில்லை. கொடுத்த எண்களும் அதேதான்.

பைத்தான் மொழியில் பெரிய கணக்குகளைப் போடுபவர்கள் பயன்படுத்தும் இலவசத் தொகுப்பு ‘நம்பை’. வானியல் ஆய்வு முதல் ஏஐ வரை இது இல்லாத இடம் குறைவு. இதன் 2.0 பதிப்பு 2024 ஜூன் 16-ம் தேதி வெளியானது. 2006-க்குப் பிறகு வந்த முதல் பெரிய பதிப்பு இது. 44 வந்ததும் இதில்தான்.

44 எங்கிருந்து வந்தது?

இடத்தை மிச்சப்படுத்த, சிறிய எண்களை 8 பிட் அளவில் சேமிப்பார்கள். போட்டோவில் ஒவ்வொரு புள்ளியின் வெளிச்சமும் பெரும்பாலும் இப்படித்தான் பதிவாகிறது. அதில் 0 முதல் 255 வரைதான் அடங்கும். பழைய ஸ்கூட்டர் மீட்டர் 99999-ஐத் தாண்டியதும் மறுபடி 00000-க்கு வருமே, அதே கதைதான். 300-ல் 256 போனால் மிச்சம் 44.

பழைய பதிப்பில், 8 பிட்டில் இருக்கும் 100-உடன் 200-ஐக் கூட்டினால், விடையைப் பெரிய அளவுக்கு மாற்றி 300 என்று காட்டும். 2.0-வில் அந்தச் சலுகை இல்லை. 8 பிட் என்றால் விடையும் 8 பிட்தான். ஓர் எச்சரிக்கை வரி வரும். ஆனால் புரோகிராம் நிற்காது. நூற்றுக்கணக்கான வரிகள் ஓடும் திரையில் அதை யார் பார்க்கப் போறாங்க?

ஏன் மாற்றினார்கள்?

காரணம் நியாயமானதுதான். அதே 100 தனி எண்ணாக இல்லாமல், ‘அரே’ எனப்படும் எண் வரிசைக்குள் இருந்தால், பழைய பதிப்பிலும் விடை 44 தான்! ஒரே கணக்குக்கு இரண்டு விடை. இந்தக் குழப்பத்தை ஒழிக்கவே விதியை ஒரே மாதிரி ஆக்கினார்கள்.

தப்பாக வந்த கணக்கு சரியானதும் உண்டு. விண்டோஸில் நம்பையின் வழக்கமான முழு எண் அளவு 32 பிட்டாக இருந்தது. சுமார் 214 கோடியைத் தாண்டினால் விடை மைனஸில்கூடப் போகும். 2.0-வில் 64 பிட் கணினிகளில் அது 64 பிட் ஆகிவிட்டது.

இது புதுசும் இல்லை. பைத்தான் 2-ல் 7-ஐ 2-ஆல் வகுத்தால் 3. 2008-ல் வந்த பைத்தான் 3-ல் 3.5. அதேபோல 2.5-ஐ முழு எண்ணாக்கினால் முன்பு 3, இப்போது 2. பாதியில் நிற்கும் எண்ணை அருகிலுள்ள இரட்டைப்படை எண்ணுக்குக் கொண்டுபோவது புதிய விதி.

இதனால் யாருக்கு என்ன நஷ்டம்?

2019-ல் ஹவாய் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் ஒரு சிக்கலைக் கண்டுபிடித்தார்கள். வேதியியல் மூலக்கூறுகளின் அமைப்பைக் கண்டறிய உதவும், 2014-ல் வெளியான பைத்தான் புரோகிராம் அது. ஒரே தரவைக் கொடுத்தாலும் விண்டோஸ் 10-ல் ஒரு விடை, உபுண்டுவில் வேறு விடை. மேக் கணினியிலோ பழைய மேவரிக்ஸில் ஒன்று, புதிய மொஜாவேயில் இன்னொன்று!

கணக்கில் பிழை இல்லை. ஃபைல்கள் குறிப்பிட்ட வரிசையில் வரும் என்று புரோகிராம் நம்பியிருந்தது. ஆனால் அந்த வரிசை ஒவ்வொரு சிஸ்டத்திலும் மாறியது. ஃபைல்களை வரிசைப்படுத்தும் கட்டளையைச் சேர்த்ததும் சரியாகிவிட்டது. ஆனால் அதற்குள், நூற்றுக்கும் மேற்பட்ட ஆய்வுக் கட்டுரைகளின் முடிவுகள் சரியா என்ற கேள்வி கிளம்பிவிட்டது.

அப்டேட்டுக்கு முன் என்ன செய்யலாம்?

விடை தெரிந்த சில கணக்குகளைப் பழைய பதிப்பில் ஓட்டி, விடைகளைச் சேமித்துக்கொள்ளுங்கள். புதிய பதிப்பிலும் ஓட்டி ஒப்பிடுங்கள். 255, 214 கோடி போன்ற எல்லை எண்களைக் கட்டாயம் சேருங்கள். கோளாறு பெரும்பாலும் அங்கேதான் ஒளிந்திருக்கும். எந்தப் பதிப்பில் கணக்குப் போட்டீர்கள் என்பதை விடையோடு சேர்த்தே எழுதி வைப்பதும் நல்லது.

44 பிரச்னைக்கு வழி சுலபம். கூட்டுவதற்கு முன்பே அந்த 100-ஐ பைத்தானின் சாதாரண முழு எண்ணாக மாற்றிவிட்டால், எந்தப் பதிப்பிலும் 300 தான் வரும்.