ஆன்டெனா அணி

பல ஆன்டெனாக்களை அருகருகே நிறுத்தி, ஒவ்வொன்றின் சமிக்ஞைக்கும் தனித்தனி வீச்சும் கட்டமும் கொடுத்து, எல்லாவற்றையும் ஒரே கருவியாக இயக்கும் அமைப்பு. செல்பேசித் துறையில் இதன் வரலாறு, கற்றையைக் கூர்மையாக்கிய கதையாகவே பெரும்பாலும் சொல்லப்படுகிறது. அந்தக் கதை 1905-இல் ஸ்ட்ராஸ்பர்க்கில் தொடங்குகிறது: கார்ல் ஃபெர்டினாண்ட் பிரவுன் மூன்று ஆன்டெனாக்களை முக்கோணமாக நிறுத்தி, கட்ட வேறுபாட்டால் அலையை ஒரு பக்கமாகச் செலுத்திக் காட்டினார். ஆனால் குறுக்கீட்டைக் குறைத்தது வேண்டியவரை நோக்கி வீசும் திறன் மட்டுமல்ல. வேண்டாதவருக்குக் காதைப் பொத்திக்கொள்ளும் திறன்தான் அதில் பெரும்பங்கு வகித்தது. இது ரேடாரிலிருந்து வந்தது. எதிரியின் இரைச்சலை ரத்துசெய்யும் முறைக்கு 1959-இல் பால் ஹவல்ஸ் காப்புரிமை கோரினார். 1967-இல் பெர்னார்ட் விட்ரோ குழுவினர் எடைகளை, அதாவது ஒவ்வொரு ஆன்டெனாவுக்கும் தரும் வீச்சையும் கட்டத்தையும், தானே திருத்திக்கொள்ளும் அணியை விவரித்தனர். n ஆன்டெனாக்கள் இருந்தால் n-1 குறுக்கீடுகளை அடக்கலாம்.

இத்தனை கணக்கு எதற்கு, கோபுரத்தை 120 பாகைப் பிரிவுகளாக்கினாலே போதாதா என்று கேட்கலாம். நியாயமான கேள்விதான். அதிர்வெண்களை ஏழு செல்களுக்குப் பிரித்தளிக்கும் அமைப்பில், ஒரே அதிர்வெண்ணைப் பயன்படுத்தும் முதல் சுற்று அண்டைச் செல்கள் ஆறு. பிரிவு ஆன்டெனா அவற்றில் இரண்டின் தொல்லையை மட்டுமே விட்டுவைக்கிறது, அதுவும் மலிவாக. ஆனால் பிரிவு அசையாதது. இன்னும் குறுக்கினால் அழைப்பைக் கைமாற்றும் வேலை பெருகும், அலைவரிசைகளும் சிதறும். இன்னொரு மறுப்பு வலுவானது: நகரத்தில் அலை கட்டடங்களில் மோதிப் பல திசைகளிலிருந்து வருகையில், எந்தத் திசையை அடைப்பது? பெல் ஆய்வகத்தின் ஜாக் விண்டர்ஸ் 1984-இல் இதற்கு விடை தந்தார். திசையே தெரிய வேண்டாம். இரு பயனரின் சமிக்ஞைகள் ஆன்டெனாக்களில் விழும் பாங்கு வேறுபட்டால், அதை வைத்தே எடைகளைக் கணக்கிடலாம். பலதடச் சிதறல் இங்கே துணையாகவே மாறுகிறது.

பொள்ளாச்சியில் பிறந்து, இந்தியக் கடற்படையின் சோனார் பணியிலிருந்து ஸ்டான்போர்டு சென்ற ஆரோக்கியசாமி பால்ராஜ் இன்னும் ஒரு படி போனார். தாமஸ் கைலாத்துடன் அவர் பெற்ற 1994 காப்புரிமையில், ஒரே அதிர்வெண்ணில் ஒன்றன்மேல் ஒன்று விழும் சமிக்ஞைகள் அணியால் பிரிக்கப்பட்டுக் கூடுதல் தடங்களாகின்றன. 3.5 கிகாஹெர்ட்சில் அரை அலைநீளம் ஏறத்தாழ 4.3 செ.மீ. என்பதால், இன்று 64 தடங்கள் கொண்ட அணி ஒரே பலகையில் அடங்குகிறது. 2010-இல் தாமஸ் மார்செட்டா, ஆன்டெனாக்கள் எல்லையின்றிப் பெருகினாலும் அலைத்தடத்தை அளக்க அனுப்பும் முன்னறிச் சமிக்ஞையை அண்டைச் செல்கள் பகிர்வதால் எழும் குறுக்கீடு மிஞ்சும் என்றார். எண்ணிக்கையை நம்பியவர்களுக்கு இது தடையாகத் தெரிந்தது. ஆனால் எமில் பியோர்ன்சன் உள்ளிட்ட மூவர் 2018-இல் காட்டியபடி, பயனர்களின் இடவியல் பாங்குகள் போதிய அளவு வேறுபட்டால், தக்க எடைக் கணக்கீடு அந்த வரம்பையும் தாண்டுகிறது.