முகமறியா ஆலோசகரின் பெயர்: இணையவழி உளவள ஆலோசனை வரலாற்றில் ஒரு பார்வை

மன அழுத்தம், உறவுச் சிக்கல், தொழில் குறித்த கவலை ஆகியவற்றிற்கு இணையத்தின்வழி ஆலோசனை பெறுதல் இன்று இயல்பாகிவிட்டது. இதனைக் கணினி யுகத்தின் விளைபொருளாகக் கருதுவோர் பலர். ஆயினும், முகம் காணாத ஒருவரிடம் மனக்குறையை எடுத்துரைத்து விடை பெறும் வழக்கம் கணினிக்கு மிக முந்தையது. அவ்வழக்கத்தின் வரலாற்றை, விடையளிப்போர் தமக்குச் சூட்டிக்கொண்ட பெயர்களைக் கொண்டு நோக்க இக்கட்டுரை முற்படுகிறது. பெயர் சிறிய செய்தியாகத் தோன்றக்கூடும். ஆனால் முகமும் குரலும் மறைந்துவிட்ட இடத்தில், நாடி வருபவர் பற்றிக்கொள்வதற்கு எஞ்சியிருப்பது அதுவேயாகும்.

1691ஆம் ஆண்டில் லண்டன் நூல் வணிகரான ஜான் டண்டன் 'ஏதீனியன் மெர்க்குரி' என்னும் இதழைத் தொடங்கினார். வாசகர்கள் தம் பெயரை வெளியிடாமல் கேள்வி அனுப்பலாம். இயற்கை, சமயம் பற்றிய ஐயங்களோடு காதலும் திருமணமும் பற்றிய கேள்விகளும் அதில் இடம்பெற்றன. விடையளிப்பது அறிஞர் பலர் கூடிய 'ஏதீனியன் சங்கம்' என்று அறிவிக்கப்பட்டது. உண்மையில் அச்சங்கம் டண்டனும் அவருடைய நண்பர் சிலருமே. ஆலோசகர் என்பவர் கற்றறிந்தவராக இருத்தல் வேண்டும் என்னும் எதிர்பார்ப்பே இப்புனைபெயரைத் தோற்றுவித்தது எனலாம்.

அவ்வெதிர்பார்ப்பைத் தலைகீழாக்கியவர் சாட் வாரா என்னும் ஆங்கிலேயப் பாதிரியார். 1935ஆம் ஆண்டில், இளம் பாதிரியாராக அவர் நடத்திய முதல் இறுதிச்சடங்கு தற்கொலை செய்துகொண்ட 14 வயதுச் சிறுமி ஒருத்தியினுடையது. தனக்கு ஏற்பட்ட முதல் மாதவிலக்கை அவள் கொடிய நோயென எண்ணி அஞ்சியிருந்தாள். கேட்டறிய அவளுக்கு ஒருவரும் இருக்கவில்லை. 18 ஆண்டுகள் கழித்து, 1953 நவம்பரில், லண்டனின் புனித ஸ்டீபன் வால்புரூக் தேவாலயத்தில் தொலைபேசிவழி உதவியை வாரா தொடங்கினார். அடுத்த மாதமே 'டெய்லி மிரர்' நாளேடு அவர்களைச் 'சமாரியர்கள்' என்று குறிப்பிட, அப்பெயரே நிலைத்தது. விவிலிய உவமையில் வரும் சமாரியர், அடிபட்டுக் கிடந்தவருக்கு உறவினரும் அல்லர், அவர் இனத்தவரும் அல்லர்; முற்றிலும் அயலார்.

இங்கு நாம் சற்று நின்று நோக்க வேண்டிய செய்தி ஒன்று உண்டு. வாராவை நேரில் காண வந்தோர் காத்திருக்க நேர்ந்தபோது, உதவிக்கு வந்த தொண்டர்கள் அவர்களுக்குத் தேநீர் கொடுத்துப் பேச்சுத்துணையாக இருந்தனர். அவ்வாறு பேசிய பலர் மனம் தேறி, வாராவைக் காணாமலேயே திரும்பிச் சென்றனர். பயிற்சி பெற்ற ஆலோசகரைக் காட்டிலும் பொறுமையாகச் செவிமடுக்கும் சாதாரண மனிதர் பலருக்குப் போதுமானவராக இருந்தார் என்பதை உணர்ந்த வாரா, 1954 பிப்ரவரியில் அப்பணியைத் தொண்டர்களிடமே ஒப்படைத்தார். இவ்வியக்கத்தை ஒட்டியே சிங்கப்பூரில் 1969ஆம் ஆண்டிலும் கோலாலம்பூரில் 1970ஆம் ஆண்டிலும் அமைப்புகள் தோன்றின. சென்னையில் 'சினேகா' 1986ஆம் ஆண்டில் தொடங்கப்பட்டது. கோலாலம்பூர் அமைப்பின் பெயர் 'பிஃப்ரெண்டர்ஸ்', அதாவது தோழமை கொள்வோர். 'ஆலோசனை' என்னும் நம் சொல்லில் அறிவுரை கூறுதல் என்னும் பொருள் கலந்திருப்பதால், இவர்களின் பணியை அச்சொல்லால் சுட்டுவது முழுதும் பொருந்தாது என்பது நம் கருத்து.

கணினி இவ்வரலாற்றில் நுழைந்தது 1966ஆம் ஆண்டில். மாசசூசெட்ஸ் தொழில்நுட்பக் கழகத்தின் ஜோசப் வைசன்பாம் உருவாக்கிய 'எலிசா' என்னும் நிரல், பயனர் எழுதிய தொடரையே கேள்வியாகத் திருப்பித் தந்தது. அதற்கு மேல் அது எதையும் அறியாது. எனினும், அதனோடு உரையாடத் தொடங்கிய அவருடைய செயலாளர், தம்மைத் தனியே விடுமாறு அவரை வேண்டிக்கொண்டார். நிரலை உருவாக்கியவரே இதனால் கலக்கமுற்றார். இன்று செயற்கை நுண்ணறிவிடம் மனக்குறை சொல்வோரைக் கண்டு வியப்போர் இந்நிகழ்வை நினைவிற் கொள்வது நன்று.

இணையவழியில் தொடர்ந்து நடைபெற்ற ஆலோசனைச் சேவைகளுள் மிகப் பழையது எனப் பொதுவாகக் கொள்ளப்படுவது, அமெரிக்காவின் கோர்னெல் பல்கலைக்கழகத்தில் 1986ஆம் ஆண்டில் தொடங்கிய ஒன்றாகும். மாணவர்கள் பெயர் குறிப்பிடாமல் கணினிவழிக் கேள்வி எழுதினர். விடைகளை அனைவரும் படிக்க இயன்றது. விடையளித்தவரின் பெயர் 'அங்கிள் எஸ்ரா'. பல்கலைக்கழக நிறுவனர் எஸ்ரா கோர்னெல்லின் பெயரோடு உறவுமுறைச் சொல்லும் சேர்க்கப்பட்டிருப்பதைக் காண்க. தமிழருக்கு இது மிக இயல்பாகப் படும். நம்மிடையே மனக்குறை கேட்போர் மாமாவாகவோ அத்தையாகவோ பெரியம்மாவாகவோ இருப்பதே வழக்கம்.

1994ஆம் ஆண்டில் பிரிட்டனின் சமாரியர்கள் மின்னஞ்சல் சேவையைத் தொடங்கியபோது வேறொரு வழியைத் தேர்ந்தனர். எந்தத் தொண்டர் எழுதினாலும் விடை 'ஜோ' என்னும் ஒரே பெயரில் சென்றது. ஆணா பெண்ணா, இளையவரா முதியவரா என்பதை அப்பெயர் காட்டாது. கோலாலம்பூர் அமைப்பின் மின்னஞ்சல் முகவரியில் 'சாம்' என்றும், சிங்கப்பூர் அமைப்பின் முகவரியில் 'பாட்' என்றும் பெயர் அமைந்ததும் இம்மரபிற்கு ஒத்ததே. அறிஞர் சங்கம் மாமாவாகி, மாமா பால் சுட்டாத அயலார் ஆனார்.

இப்பெயரின்மைக்கு நம் நாடுகளில் சட்டம் சார்ந்த தேவையும் இருந்தது. 1860ஆம் ஆண்டின் இந்தியத் தண்டனைச் சட்டத்தைத் தழுவிய மலேசிய, சிங்கப்பூர்ச் சட்டங்களின் 309ஆம் பிரிவு, தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கியது. சிங்கப்பூரில் 2020ஆம் ஆண்டிலும் மலேசியாவில் 2023ஆம் ஆண்டிலுமே அது நீங்கியது. அதுவரை, தம் முயற்சியை எழுத்தில் ஒப்புக்கொள்பவர் தமக்கு எதிரான சான்றைத் தாமே எழுதி வைக்கிறோமோ என்று அஞ்ச இடமிருந்தது. தொலைபேசிக் குரல் கரைந்துபோகும்; மின்னஞ்சல் எஞ்சி நிற்கும்.

தமிழில் எழுதுவோருக்கு இன்னொரு தடையும் இருந்தது. 'ஜோ' தோன்றிய காலத்தில் தமிழ்க் கணிமை பலவகைக் குறியீடுகளில் சிதறிக் கிடந்தது. மலேசியாவின் முத்து நெடுமாறன், சிங்கப்பூரின் நா. கோவிந்தசாமி போன்றோரின் உழைப்பால் தமிழ் திரையில் ஏறியது. எனினும் உரிய எழுத்துரு இல்லாத கணினியில் தமிழ் மடல் பொருளற்ற குறிகளாகவே தோன்றும். ஒருங்குறி பரவியபின் அத்தடை அகன்றது. அகலாதது மொழிநடைத் தடை. தொலைபேசியில் தமிழர் 'மனசு சரியில்லை' என்று பேச்சுத் தமிழில் தொடங்கிவிடுவர். எழுதும்போதோ, பள்ளியில் பயின்ற எழுத்துத் தமிழ் துயரத்தைச் சொல்ல விறைப்பாக இருக்கிறது. பேச்சுத் தமிழை எழுதக் கூச்சமாக இருக்கிறது. பலர் ரோமன் எழுத்தையோ மலாயையோ ஆங்கிலத்தையோ நாடுகின்றனர். மலேசியாவின் தேசியத் தற்கொலைப் பதிவேட்டின் 2009ஆம் ஆண்டு அறிக்கையில் இனவாரி விகிதத்தில் இந்தியரே முன்னின்றனர் என்பதை எண்ணும்போது, இதனை வெறும் மொழியியல் செய்தியாகக் கொள்ள இயலவில்லை. தமிழாசிரியர்கள் கடிதம் எழுதும் பயிற்சியில் அலுவல் கடிதத்திற்கும் நட்புக் கடிதத்திற்கும் இடமளிக்கின்றனர். துயருற்றவர் எழுதும் மடலுக்கும் அதற்கான விடைக்கும் அங்கு இடமில்லை.

அத்தகைய விடையின் முதல் சொல்லே நம்மை இடறும். வயதும் பாலும் அறியாத ஒருவரைத் தம்பி என்பதா, அக்கா என்பதா, ஐயா என்பதா? 'நீங்கள்' என்று மட்டும் தொடங்குவது பண்பாக ஒலிப்பினும் சற்றுக் குளிர்ந்தே ஒலிக்கிறது. விடையின் இறுதியில் இடவும் ஒரு பெயர் வேண்டும். இருபாலாருக்கும் வழங்கும் தமிழ்ப் பெயர்கள் மிகச் சிலவே. 'மணி' அவற்றுள் ஒன்று.