அழுகிற இரும்பு

1979இல் கோவை ஆவாரம்பாளையத்துப் பட்டறை ஒன்றில் மில்லிங் மெஷினுக்கு ஹெல்பராகச் சேர்ந்தேன். வாசலில் பம்ப் பாடி வார்ப்புகள் குவிந்து கிடக்கும். 1930களில் பைக்காரா மின்சாரம் கோவைக்கு வந்ததிலிருந்து ஊரில் மில்லும் மோட்டாரும் பம்பும் பெருகிய கதையை எல்லோரும் பெருமையாகச் சொல்வார்கள். நானும் சொல்வேன். ஆனால் பட்டறைகளின் சத்தத்தையும் சேர்த்துத்தான் சொல்ல வேண்டும்.

லேத்தில் டூல் விடாமல் சீவும். மில்லிங்கில் ஒவ்வொரு பல்லும் இரும்பை முட்டிக் கடித்து விலகும். எட்டுப் பல் கட்டர் நிமிஷத்துக்கு 120 சுற்று ஓடினால் நொடிக்கு 16 முறை அடி. ஸ்பீடைக் கூட்டினால் அடியும் கூடும், சத்தமும் ஏறும். அதுகூடச் சீரான உறுமல்தான். கொடுமை, சாட்டர். கட்டர் அதிர்ந்து, வெட்டுப்படும் ஜாப்பில் ஓர் அலையை விட்டுப் போகும்; அடுத்த பல் அந்த அலையில் ஏறி இன்னும் அதிரும். வெட்டின் டெப்த் அதிகமானாலும், கட்டரைக் கோத்த ஆர்பர் தண்டு தாங்கல் இல்லாமல் நீண்டிருந்தாலும் பட்டறையே கிறீச்சிடும். பட்டறைத் தொழிலில் எளிதில் பிடிபடாத சிக்கல் இது என்று அமெரிக்கப் பொறியாளர் டெய்லர் 1906லேயே சொல்லிவிட்டார்.

எனக்குத் தொழில் பழக்கியவருக்கு டெய்லரைத் தெரியாது. "கேளு கண்ணு, அழுவுது பாரு" என்பார். மெஷினை நிறுத்தி ஸ்பீடை ஒரு படி இறக்குவார். ஆர்பர் சப்போர்ட்டைக் கட்டருக்குப் பக்கத்தில் தள்ளுவார். 4 மில்லிமீட்டர் வெட்டை இரண்டாகப் பிரிப்பார். கிறீச்சு அடங்கும், ஜாப்பின் முகத்தில் இருந்த வரிகளும் மறையும். ஆனால் கூலி பீஸ் கணக்கு. ரெண்டு வெட்டு என்றால் சாயங்காலம் கையில் பாதிக் காசு. அதனால் பெரும்பாலான நாள் இரும்பை அழவிட்டே ஓட்டினோம்.

எட்டு மணி நேர வேலைக்கு 90 டெசிபல்தான் வரம்பு என்று விதி உண்டு. இரைச்சலால் காது போவது, சட்டப்படி அரசுக்குத் தெரிவிக்க வேண்டிய நோய். ஆனால் அன்றிருந்த 1948ஆம் வருஷத்துத் தொழிற்சாலைச் சட்டப்படி, மின்சாரத்தில் ஓடும் இடத்தில் பத்துப் பேராவது இருந்தால்தான் அது தொழிற்சாலை. நாங்கள் ஏழு பேர். காதில் வைக்க வேஸ்ட் பஞ்சுதான் இருந்தது.

ஐம்பது வயதுக்குள், எனக்குத் தொழில் பழக்கியவருக்குக் குருவிச் சத்தம் போயிற்று. பிறகு பேத்தியின் பேச்சு. கடைசியில் சாட்டரும் கேட்கவில்லை. மெஷின் டேபிளின் ஓரத்தில் உள்ளங்கையை வைத்து நிற்பார். நடுக்கம் கைக்கு எட்டியதும் என்னைத் திரும்பிப் பார்ப்பார், அழுகிறதா என்று.