4.2 எங்கிருந்து வந்தது?

ஒரு கிலோ தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் சூடாக்க எவ்வளவு வெப்பம் வேணும்? மாணவர்கள் உடனே 4.2 கிலோஜூல்னு சொல்லிடுவாங்க. ஏன் 4.2? இங்கேதான் தயங்குவாங்க. அந்த எண்ணுக்குப் பின்னால் ஒரு வரலாறு இருக்கு.

1760 வாக்கில் கிளாஸ்கோவில் ஜோசப் பிளாக் பாதரசத்தையும் தண்ணீரையும் ஒப்பிட்டார். ஒரே கன அளவில் பாதரசம் 13 மடங்குக்கு மேல் கனமானது. அப்போ அதற்குத்தான் கூடுதல் வெப்பம் வேணும்னு தோணும். உண்மை நேர்மாறு: தண்ணீருக்குத்தான் கூடுதல் தேவை. பொருளுக்குப் பொருள் மாறும் இந்தப் பண்புதான் தன்வெப்ப ஏற்புத்திறன்.

பிறகு தண்ணீரே அளவுகோலாயிற்று. 1 கிராம் தண்ணீரை 1 டிகிரி செல்சியஸ் உயர்த்தும் வெப்பம் 1 கலோரி. 1 பவுண்டு தண்ணீரை 1 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்துவது 1 பிரிட்டிஷ் வெப்ப அலகு. அதாவது தண்ணீரின் மதிப்பு வெறும் 1. வேலையும் வெப்பமாக மாறும் என்பதை ஜூல் அளந்து காட்டினார். 1850இல் வெளிவந்த அவருடைய கட்டுரைப்படி, 1 பவுண்டு தண்ணீரை 1 டிகிரி ஃபாரன்ஹீட் உயர்த்த 772 அடி-பவுண்டு வேலை வேண்டும். இன்று வேலைக்கும் வெப்பத்துக்கும் ஒரே அலகு, அவர் பெயரிலேயே. அதில் எழுதும்போது பழைய 1 கலோரி 4.2 ஜூல் ஆகிறது.

நம் ஊரிலும் இந்த வரலாற்றின் தடம் உண்டு. கேலாங் சாலையிலிருந்து ஆற்றைத் தாண்டினால் காலாங் சாலை. 1862இல் அங்கே எரிவாயு ஆலை அமைந்தது. சீனர்கள் அந்த வட்டாரத்தை 'நெருப்பு நகரம்' என்றார்கள். 1864இல் அந்த வாயுவில் தெருவிளக்குகள் எரிந்தன. 1906இல் மின்விளக்குகள் வந்தன. வெளிச்சத்துக்கு வந்த வாயு, போகப்போக அடுப்புக்கு உரியதாயிற்று. பிரிட்டனில் 1920ஆம் ஆண்டுச் சட்டம், வாயுவை அது தரும் வெப்பத்தைக் கணக்கிட்டு விற்க வழிசெய்தது. அதன் அலகான 'தெர்ம்', 1,00,000 பிரிட்டிஷ் வெப்ப அலகு. விலைச்சீட்டிலும் தண்ணீர்தான் அளவுகோல்! காலாங் ஆலை 1998இல் மூடப்பட்டது.

இப்போ ஒரு கணக்கு. அரை கிலோ அலுமினியப் பாத்திரத்தில் 1 கிலோ தண்ணீர்; 30 டிகிரியிலிருந்து 100 டிகிரி வரை சூடாக்கணும். வெப்பநிலை உயர்வு 70 டிகிரி.

தண்ணீர்: 1 × 4.2 × 70 = 294 கிலோஜூல்
பாத்திரம்: 0.5 × 0.9 × 70 = 31.5 கிலோஜூல்
மொத்தம்: 325.5 கிலோஜூல்

கேள்வியில் பாத்திரத்தின் நிறை தந்திருந்தால் அதை விட்டுடாதீங்க, மதிப்பெண் போகும். 70க்குப் பதில் 100 போடுவதும் அடிக்கடி நடக்கும். சூத்திரம் கேட்பது வெப்பநிலையை அல்ல, வெப்பநிலை மாற்றத்தை.