இரும்புப் பெட்டிக்குள் ஒரு குளம்

நான் வெல்டர், பழைய கன்டெய்னர்களை மீன்தொட்டியாக்கித் தருகிறேன். இந்தப் பெட்டியின் கதை 1956-இல் தொடங்குகிறது: அமெரிக்க லாரி முதலாளி மால்கம் மெக்லீனின் 'ஐடியல் எக்ஸ்' கப்பல் 58 பெட்டிகளோடு நியூவார்க்கிலிருந்து ஹூஸ்டனுக்குப் போனது. மீன்தொட்டி அதைவிட மூத்தது. 1853-இல் லண்டன் மிருகக்காட்சிசாலை மீன்களுக்கென்றே ஒரு கூடம் திறந்தது. அந்தக் காலத்தில் இரும்புச் சட்டத்தில் கண்ணாடியைப் புட்டி வைத்து இறுக்குவார்கள். சிலிகோன் பசை வந்தபிறகே சட்டம் கழன்றது. இப்போது இரும்பு திரும்பியிருக்கிறது. எனக்கு அதில் பெரிய சந்தோஷம்.

ஆனால் 20 அடிப் பெட்டியை நிரப்பினால் சுமார் 33 டன் தண்ணீர். பக்கச்சுவரோ 2 மில்லிமீட்டர் நெளித்தகடு, பலமெல்லாம் மூலைத்தூண்களில்தான். அதனால் வெளியே ஆங்கிள் வைத்துப் பற்றவைக்கிறேன். தரைப்பலகையில் பூச்சிமருந்து ஊறியிருக்கும், மீனுக்கு விஷம்; அதை முழுசாகப் பெயர்த்துவிடுவேன். உள்ளே எபாக்சி அடித்து, நன்றாகக் காய்ந்தபிறகுதான் தண்ணீர் விடச் சம்மதிப்பேன்.